மேல்வீட்டுச் சொம்பு

அந்தக் காலத்தில் பருந்துக்குப் பேச்சு இருந்தது, பனைமரத்துக்குக் காது இருந்தது, நட்சத்திரங்களுக்கு வாசல் இருந்தது. இப்போது நாம் நட்சத்திரம் என்று சொல்கிற ஒவ்வொன்றும் அப்போது ஒரு வீட்டு விளக்கு. விளக்கு எரிந்தால் அதை ஏற்றுகிறவர்களும் இருக்கத்தானே வேண்டும்? இருந்தார்கள். நம்மைப் போலவே சமைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள், மழை பொய்த்தால் முணுமுணுத்தார்கள். அவர்களுடைய மழை வேறு மாதிரி என்று கேள்வி. முணுமுணுப்பு ஒன்றுதான்.

வானமும் இவ்வளவு தூரத்தில் இல்லை. தெற்கே கடலுக்குப் பக்கத்தில், செம்மணல் மேடுமேடாகக் கிடக்கும் தேரிக்காட்டில் அது மிகவும் தாழ்ந்திருந்தது. பதநீர் இறக்கப் பனையேறுகிறவர் உச்சியில் மட்டையைப் பிடித்துக்கொண்டு மேல்வீட்டுக்காரர்களோடு நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் இறங்குவார். தரையில் நிற்பவர்கள் கொஞ்சம் தொண்டையை உயர்த்தினால் போதும். முகம் மட்டும் தெரியாது. விளக்குக்கு முன்னால் நிற்கும் ஆளைப் பார்த்தால் நிழல் மட்டும் தெரியுமே, அந்த மாதிரி. மேலிருந்து பார்த்தால் நாமும் மணலில் ஊரும் புள்ளிகள்தான். அவர்களுக்கு எத்தனை கை, எத்தனை கண் என்றெல்லாம் இங்கே யாரும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கிற கேள்வியா அது?

கீழே ஒவ்வொரு வீட்டுக்கும் மேலே ஒரு வீடு பழக்கமாக இருந்தது. இங்கே கிழங்கு அவித்தால் அங்கே போகும், அங்கே பலகாரம் செய்தால் இங்கே வரும். கொண்டுபோய்க் கொண்டுவருவது பருந்து. பாத்திரத்தைக் காலில் பற்றிக்கொண்டு போகும், பதிலைப் பற்றிக்கொண்டு வரும். சும்மா போகச் சொன்னால் போகாது. வெறுங்காலோடு ஒரு வீட்டு வாசலில் போய் நிற்க அதற்குக் கூச்சம்.

பாத்திர விஷயத்தில் தேரிக்காட்டில் ஒரு கண்டிப்பு உண்டு. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது. வந்ததைவிடக் குறைந்த எதையும் வைத்துத் திருப்பவும் கூடாது. இது யார் போட்ட சட்டம் என்று ஒருவருக்கும் தெரியாது. மீறினால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும்: நாலு பேர் பேசுவார்கள். மேலே இருந்தவர்களிடமும் ஒரு கண்டிப்பு இருந்தது. கொடுத்த பாத்திரத்தைக் கேட்டு வாங்கக் கூடாது. அது திரும்பி வரும் வரைக்கும் அடுத்ததை அனுப்பவும் கூடாது. அனுப்பினால், 'நீ இன்னும் திருப்பித் தரவில்லையே' என்று குத்திக்காட்டின மாதிரி ஆகிவிடும். இரண்டுமே நல்ல பழக்கம்தான். அதில்தான் வினையே வந்தது.

தேரிக்காட்டில் வெள்ளத்தாய் என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் பலவேசம் பனையேறி. அவர் இறக்கும் பதநீரை அவள் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவாள். கை சுத்தம், மனசும் சுத்தம். ஒரே குறை, யாரிடமும் எதற்கும் குறைந்து போய்விடக் கூடாது என்று நினைப்பாள். பந்தியில் யாராவது ஒரு கரண்டி கூட வைத்துவிட்டால், அவர்கள் வீட்டு விசேஷத்தில் தான் இரண்டு பாத்திரம் கூடத் தேய்த்துக் கொடுத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

அவள் வீட்டுக்கு நேர் மேலே இருந்தவளை அவள் மேல்வீட்டு மதினி என்பாள். அந்த மதினிக்குப் பேர் இருந்தது, நம் நாக்கில்தான் நிற்காது. சாயங்காலம் இங்கே அடுப்பு அணைகிற நேரமும் அங்கே விளக்கு ஏற்றுகிற நேரமும் ஒன்று. அப்போது இரண்டு பேரும் முற்றத்துக்கு வந்துவிடுவார்கள்.

"மதினி, இன்னைக்கு என்ன காய்ச்சினிய?" என்று மேலிருந்து குரல் கேட்கும்.

"என்னத்தக் காய்ச்ச? அடிப்பிடிச்சுப் போச்சு மதினி. தூளும் துண்டுமாத்தான் வந்துச்சு."

"அதை அனுப்புங்க. முழுசா வர்ற கருப்பட்டி ஊருக்கு. உடைஞ்ச துண்டுதான் எனக்கு ருசி."

வெள்ளத்தாய் சிரிப்பாள். உடைந்த துண்டை மட்டும் அனுப்பமாட்டாள். முழுதாக, வட்டமாக, சிரட்டையில் வார்த்த கருப்பட்டியாகப் பார்த்து எடுத்து, ஓலைப்பெட்டியில் வைத்து அனுப்புவாள். மேலேயிருந்து பதிலுக்கு வெள்ளையாக ஓர் உருண்டை வரும். வாயில் போட்டால் குளிரும், தொண்டையில் இறங்கினால் சுடும். வெள்ளத்தாயின் மகள் தங்கக்கனிக்கு அது என்றால் உயிர்.

ஒரு கோடையில் தேரிக்காட்டுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. தங்கக்கனி அப்போது நடைபழகி முடித்திருந்தாள். காய்ச்சல் அவளைக் கீழே போட்டது. பாலைக் குடிக்கவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை, அழக்கூட இல்லை. வைத்தியர் வந்து பார்த்துவிட்டு மருந்துப் பையை அவிழ்க்காமலே எழுந்து போனார். வெள்ளத்தாய் முற்றத்துக்கு ஓடிவந்து மேலே பார்த்தாள். "மதினி, பிள்ளை" என்று மட்டும் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் பருந்து இறங்கியது. அதன் காலில் ஒரு சொம்பு. அது மண்ணும் இல்லை, பித்தளையும் இல்லை. தொட்டால் புதுப்பானை மாதிரி ஜில்லென்று இருந்தது. உள்ளே அடிப்பாகத்தில், பால் மாதிரியும் வெளிச்சம் மாதிரியும் ஏதோ கொஞ்சம் கிடந்தது.

"நாக்குல தடவச் சொன்னா, தாயி" என்றது பருந்து. "அவ தன் பேறுகாலத்துக்குன்னு சேத்து வச்சிருந்ததாம். அவளுக்கும் மாசம் ஆயிட்டுல்லா. அப்படியே எடுத்துக் குடுத்துட்டா."

வெள்ளத்தாய் விரலில் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் தடவினாள். விடியும்போது தங்கக்கனி கண்ணைத் திறந்து, "பசிக்கி" என்றாள்.

இனிமேல்தான் வெள்ளத்தாயின் கஷ்டம் ஆரம்பம். சொம்பைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இதில் எதை வைத்து அனுப்புவது?

"கருப்பட்டி இருக்குல்லா" என்றார் பலவேசம்.

"என் பிள்ளை உசுரைக் குடுத்திருக்கா. அவளுக்குக் கருப்பட்டியா?"

"பொறவு என்னத்த அனுப்பப் போற? சொம்புக்குள்ள தேரியையே தூக்கி வைப்பியா?"

"கேலி பண்ணாதீய. அவ குடுத்ததுக்குக் குறையாம ஒண்ணு செய்யணும். பிள்ளை பிழைச்சிட்டான்னு சொம்பு நெறைஞ்சு போயி அவகிட்டச் சொல்லணும். வாயால சும்மா சொல்லிட்டுப் போற விஷயமா இது?"

பிள்ளையின் உயிருக்குச் சமமாக ஒரு பலகாரம் உண்டா? இல்லை என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தாலும் மனசு கேட்கவில்லை. பதநீர் காலம் வரட்டும், சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டு நல்ல சில்லுக்கருப்பட்டி செய்வோம் என்று இருந்தாள். காலம் வந்தது, செய்தாள், பாகு ஒரு கொதி கூடிப்போய்க் கசந்தது. அடுத்த வருஷம் மழை இல்லை, பாளை வறண்டது. அதற்கடுத்த வருஷம் நன்றாக வந்தது. அதற்குள் இவ்வளவு தாமதித்துவிட்டு வெறும் சில்லுக்கருப்பட்டியா என்று தோன்றிவிட்டது. ஒரு பதிலை ஒரு நாள் தள்ளிப்போட்டால் அது ஒரு பங்கு கூடிவிடுகிறது. தங்கக்கனிக்குக் காது குத்தும்போது என்றாள், அது போயிற்று. அவள் பெரியமனுஷி ஆனதும் என்றாள், அதுவும் போயிற்று.

முதல் நாட்களில் மேல்வீட்டு மதினி சாயங்காலமானால் கூப்பிடுவாள். "மதினி" என்று குரல் வரும். வெள்ளத்தாய்க்குச் சொம்பு நினைவு வந்துவிடும். கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போய்விடுவாள். "மதினி, பிள்ளை..." என்று மேலிருந்து குரல் பாதியில் நிற்கும். அந்தப் பாதி வார்த்தை வெள்ளத்தாய் காதில் விழுவதற்குள் கதவு சாத்தியிருக்கும். கொடுக்க வேண்டிய ஆளைக் கண்டால் நாம் தெருவை மாற்றிப் போகிறோமே, அதையேதான் அவளும் செய்தாள். அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். நாள் தவறாமல் அந்தச் சொம்பைத் துடைத்துப் பொட்டு வைத்தவள் அவள்.

ஒருநாள் பலவேசம் பனையுச்சியில் இருந்தபோது மேலேயிருந்து மெல்லக் கேட்டது.

"அண்ணே, மதினி ஏன் எங்கிட்டப் பேச மாட்டக்கா? நான் அன்னைக்குக் குடுத்து விட்டது..." அதற்குமேல் அவள் சொல்லவில்லை.

பலவேசத்துக்குச் சொம்புதான் ஞாபகம் வந்தது. சொம்பைத்தான் கேட்கிறாள், மரியாதைக்கு விழுங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டார். வெட்கமாகப் போய்விட்டது.

"ஒண்ணுமில்ல தாயி. அவளுக்குச் சோலி கெடக்கு" என்று சொல்லிவிட்டு, வழக்கத்தைவிட வேகமாக மரத்திலிருந்து இறங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வெள்ளத்தாய் அவரைக் கோபித்துக்கொண்டாள். "சோலின்னா சொன்னிய? என்னை என்ன நெனைப்பா அவ?"

"அப்ப நீயே போயிப் பேசு."

அவள் போகவில்லை. அதற்குப் பிறகு மேலேயிருந்தும் கூப்பிடும் சத்தம் வரவில்லை. விளக்கு மட்டும் நேரத்துக்கு ஏற்றப்பட்டது.

இவள் ஒருத்தி மட்டும்தான் இப்படி என்று இல்லை. ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மேல்வீட்டுப் பாத்திரம் தங்கியிருந்தது. ஒரு வீட்டில் மூடி தொலைந்துவிட்டது, மூடி கிடைக்கட்டும் என்று வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் கீழே விழுந்து நெளிந்துவிட்டது, நெளிவை எடுத்துவிட்டுக் கொடுப்போம் என்று இருந்தார்கள். ஒரு வீட்டு மாமியாருக்கு வந்த கிண்ணம் பிடித்துப்போய், இதில்தான் கஞ்சி குடிப்பேன் என்று அடம். எல்லாருக்கும் கொடுக்கத்தான் எண்ணம். நல்லதாகக் கொடுக்க வேண்டும் என்றுதான் தாமதம். மேலே இருந்தவர்களும், பாவம், சங்கடப்படுத்தக் கூடாது என்று சும்மா இருந்தார்கள்.

தேரிக்காட்டில் மணல் நகரும். ஆள் நடமாட்டம் இருக்கும் வரைதான் தடம் தடமாக இருக்கும். ஒரு பருவம் யாரும் நடக்காவிட்டால் காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டிவிடும், பக்கத்தில் இருந்த கிணறு மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடும். வானத்துத் தடமும் அப்படித்தான். பருந்து போய்வந்து கொண்டிருக்கும் வரை வீடுகள் கிட்டவே இருந்தன. போக்குவரத்து நின்றதும் நடுவில் வெளி பெருக ஆரம்பித்தது. முதலில் பனையேறிகளுக்குத்தான் தெரிந்தது. உச்சியில் நின்று கத்தினாலும் மேலே கேட்கவில்லை. பிறகு விளக்குகள் ஒவ்வொன்றாகச் சின்னதாயின. ஒரு வீடு போனது, இன்னொரு வீடு போனது. கடைசியில் குரல் எட்டாவிட்டாலும் பருந்து எட்டுகிற தூரத்தில் இருந்தது வெள்ளத்தாயின் மேல்வீடு ஒன்றுதான். அவள் தினமும் சொம்பைத் துடைத்ததால் அது நின்றதோ என்னவோ, எனக்குத் தெரியாது.

தங்கக்கனிக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்துக்கு முதல் நாள் பிற்பகல், முற்றத்தில் பந்தல்காரர்கள் ஓலை வேய்ந்துகொண்டிருந்தார்கள். பருந்து வந்து பந்தல்காலில் உட்கார்ந்தது. அதற்கும் வயசாகியிருந்தது.

"தாயி, சொம்பைக் குடு. கொண்டுபோய்ச் சேத்துட்டு வாரேன்."

வெள்ளத்தாய் திடுக்கிட்டாள். "இப்பவா அண்ணாச்சி?"

"காத்து மாறுது. நான் நெதமும் மேல ஏறிப் பாக்கேன். இன்னைக்குப் போனா எட்டும். நாளைக்கு எட்டும்னு என்னால சொல்ல முடியாது."

"நாளைக்குக் கல்யாணம். நாளைக்கு எல்லாம் ஆயிரும் அண்ணாச்சி. அதிரசம், சில்லுக்கருப்பட்டி, பொங்கச்சோறு. சொம்பு வழிய வழிய வச்சுத் தாரேன். பிள்ளை கையாலயே எடுத்துக் குடுக்கச் சொல்லுதேன்."

"சும்மா குடு. வெறும் சொம்பா இருந்தாலும் பரவால்ல."

"வெறும் சொம்பா? செத்தாலும் மாட்டேன்."

"ஒரு பிடி மணலாவது போட்டுக் குடேன்."

"மண்ணள்ளிப் போட்டு அனுப்பச் சொல்லுதியளா? நான் சாபம் விட்டேன்னு நெனைக்க மாட்டாளா அவ?"

பருந்து கழுத்தை நீட்டி அடுப்படியைக் காட்டியது. "அதோ, தட்டுல ஒரு துண்டு கெடக்கே. அதைப் போடு. போதும்."

பாகு வார்க்கும்போது உடைந்த கருப்பட்டித் துண்டு அது. வெள்ளத்தாய் எடுத்தாள். உள்ளங்கையில் ஒரு ஓரத்துக்குக்கூடப் போதவில்லை. சொம்பின் வாய்க்கு மேலே கையைக் கொண்டுபோனாள். 'உடைஞ்ச துண்டுதான் எனக்கு ருசி' என்று என்றோ கேட்ட குரல் ஞாபகம் வந்தது. கூடவே, பந்தல்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தன்னையே பார்ப்பதும் தெரிந்தது. பிள்ளையின் உயிரைக் கொடுத்தவளுக்கு, இத்தனை வருஷம் கழித்து, உடைந்த துண்டா?

துண்டைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டாள்.

"நாளைக்கு வாங்க அண்ணாச்சி" என்றாள். "ஒரு ராத்திரிதானே."

பருந்து பறந்து போயிற்று.

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் வெள்ளத்தாய் பந்தியைக்கூடக் கவனிக்காமல் சொம்போடு உட்கார்ந்தாள். அடியில் அதிரசம், அதன் மேல் சில்லுக்கருப்பட்டி, அதற்கும் மேல் நெய் மணக்கும் பொங்கல். வாழையிலையால் வாயைக் கட்டி, மணமாலையிலிருந்து ஒரு பூவைக் கிள்ளிச் செருகினாள். தங்கக்கனி மணக்கோலத்தோடு வந்து சொம்பைப் பருந்தின் காலில் கொடுத்தாள். அத்தனை நாளில் அவ்வளவு நிறைவாக ஒரு பாத்திரம் தேரிக்காட்டிலிருந்து போனதில்லை.

பருந்து எழும்பியது. நேராக ஏற முடியவில்லை, பாரம். வட்டம் போட்டு ஏறியது. ஒரு வட்டம் சுற்றும், கொஞ்சம் உயரும், இன்னொரு வட்டம் சுற்றும். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டு பார்த்தார்கள். புள்ளியாகித் தேய்ந்து, பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று.

பந்தி முடிந்து இலை எடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் புறப்பட வண்டி பூட்டினார்கள். கொஞ்சம் பொறுங்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று வெள்ளத்தாய் அவர்களை நிறுத்திவைத்தாள். வெயில் தாழ்கிற நேரத்தில் பருந்து திரும்பி வந்தது. இறங்கி வரவில்லை, விழுந்த மாதிரி வந்தது. இறகெல்லாம் கலைந்திருந்தது. காலில் சொம்பு அப்படியே இருந்தது. வாழையிலை வாடியிருந்ததே தவிரக் கட்டு அவிழவில்லை.

"எட்டல, தாயி" என்றது. அதன் தொண்டை கிழிந்திருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. "வீட்டைப் பாத்தேன். தூரமாப் போயிட்டே இருந்துச்சு. சத்தம் மட்டும் வந்துச்சு."

"என்ன சொன்னா?"

"நான் வர்றதைப் பாத்துட்டா போல. சொம்பை மதினியே வச்சுக்கிடட்டும்னா. பொறவு..."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"பிள்ளை பிழைச்சாளா, அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கன்னா."

வெள்ளத்தாய் திரும்பிப் பார்த்தாள். மாலையும் கழுத்துமாகத் தங்கக்கனி அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அப்போதுதான் வெள்ளத்தாய்க்கு எல்லாம் விளங்கியது. சொம்பு வரவில்லை, பதில் வரவில்லை, கூப்பிட்டால் கதவைச் சாத்துகிறார்கள், புருஷன்காரன் முகம் கொடுக்காமல் இறங்கி ஓடுகிறான். பிள்ளை போய்விட்டது, தான் கொடுத்தனுப்பியது ஒத்துக்கொள்ளவில்லை என்று மேல்வீட்டு மதினி நினைத்திருக்கிறாள். கீழே எத்தனையோ பிள்ளைகள் கூச்சல் போட்டு விளையாடும் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். அதில் தங்கக்கனியின் சத்தமும் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்திருப்பாள். அந்தப் பாரத்தோடு இத்தனை வருஷமும் நேரத்துக்கு விளக்கேற்றி வைத்திருக்கிறாள். தன் பேறுகாலம் என்ன ஆயிற்று என்று இங்கே யாரும் கேட்கவில்லையே என்றுகூட அவள் சொல்லவில்லை.

"நீங்க என்ன சொன்னிய?" என்று கேட்டாள் வெள்ளத்தாய்.

"கத்தினேன், தாயி. நல்லா இருக்கா, நல்லா இருக்கா, இன்னைக்குக் கல்யாணம்னு தொண்டை கிழியக் கத்தினேன். அவளுக்குக் கேட்டுச்சா என்னன்னு..."

அதோடு பருந்தின் பேச்சு நின்றுபோயிற்று. வாயைத் திறந்தது. நீளமாக, மெல்லிசாக ஒரு கூவல்தான் வந்தது. மறுபடி திறந்தது, மறுபடியும் அதுவேதான்.

வெள்ளத்தாய் பந்தலைவிட்டு வெளியே ஓடி, மேலே பார்த்து, "மதினி, பிள்ளை நல்லா இருக்கா" என்று கத்தினாள். பலவேசம் வயசையும் பார்க்காமல் பனையில் ஏறி உச்சியிலிருந்து கத்தினார். தங்கக்கனியும் கத்தினாள், "அத்தே, நான் இருக்கேன்" என்று. விளக்கு தெரிந்தது. ஊசிமுனை அளவுக்கு இருந்தது, கொஞ்சம் நடுங்கியது. நாம் இப்போது பார்க்கிறோமே, அந்த அளவுதான்.

வெகுநேரம் கழித்து வெள்ளத்தாய் அடுப்படிக்குப் போனாள். உடைந்த கருப்பட்டித் துண்டு நேற்று வைத்த தட்டிலேயே இருந்தது. பக்கத்தில், கல்யாணக் குழம்புக்கென்று எதிர்வீட்டு மாலையம்மாளிடமிருந்து காலையில் கொண்டுவந்த குண்டான் கழுவிக் கவிழ்த்திருந்தது. குண்டானை நிமிர்த்தினாள். துண்டை எடுத்து அதற்குள் போட்டாள். அது தனியாக ஒரு சத்தம் போட்டுக்கொண்டு உருண்டது. அப்படியே எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள்.

மாலையம்மாள் குண்டானுக்குள் எட்டிப் பார்த்தாள். "என்ன மதினி இது, இத்தனூண்டு?"

"இருக்கறது இதான்" என்றாள் வெள்ளத்தாய். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. "இப்பவே வாங்கிக்கிடுங்க. நாளைக்குன்னு சொல்லாதீய."

மாலையம்மாள் வாங்கிக்கொண்டாள். அந்தத் துண்டை அங்கேயே வாயில் போட்டுக்கொண்டாள். மறுநாள் ஊரில் நாலு பேர் பேசத்தான் செய்தார்கள். பேசிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய், பக்கத்து வீட்டுப் பாத்திரம் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பார்த்தார்கள்.

அந்தச் சொம்பு எங்கே என்று கேட்காதீர்கள். தேரி மணல் எத்தனையோ முறை நகர்ந்துவிட்டது, அதற்கடியில் எங்கோ இருக்கிறது. இப்போது படித்தவர்கள் ஊரளவு அகலத்தில் பெரிய பெரிய கிண்ணங்களைச் செய்து, வானத்தைப் பார்த்து மல்லாத்தி வைத்து, மேலேயிருந்து ஒரு குரலாவது விழாதா என்று காத்திருக்கிறார்கள். விழவில்லை என்று வருத்தப்படுகிறார்கள். அங்கே யாருமே இல்லையோ என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள். இல்லாமல் என்ன? இருக்கிறார்கள். கொடுத்ததைக் கேட்பது மரியாதை இல்லை என்று பேசாமல் இருக்கிறார்கள். துக்க வீட்டில் வலியப் போய்ப் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று பொறுத்திருக்கிறார்கள். கொடுக்கவேண்டிய முறை நம்முடையது. கொண்டுபோகத்தான் இப்போது வழியில்லை.

அன்று முதல்தான் பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு துளி சர்க்கரையாவது போட்டு, நாம் உடனே திருப்பிக் கொடுக்கிறோம். அன்று முதல்தான் உச்சிவெயிலில் பருந்து வட்டம் போட்டு ஏறி, எட்டாத உயரத்தைப் பார்த்து, பிள்ளை நல்லா இருக்கா, பிள்ளை நல்லா இருக்கா என்று தனக்குத் தெரிந்த அந்த ஒரே கூவலில் இன்னமும் சொல்லிக்கொண்டே இருக்கிறது.